பாட்டியின் தோட்டத்தை வைத்து அவர் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செடி கொடி என்று தொண்ணூறு வயதுவரை வாழ்ந்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதி வைக்க நினைப்பவர்கள், முதலில் ஒரு நோட்டை எடுத்து "எங்கள் பாட்டி பிறந்தது" என்று ஆரம்பிக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் நின்றுவிடுகிறது. அதற்குள் வெளியே தொட்டிச் செடிகள் காய்ந்திருக்கும்.

எங்கள் பாட்டி 93 வயது வரை இருந்தார். அவருக்காக இந்த வேலையைச் செய்து முடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. அப்புறம் உறவிலும் நட்பிலுமாக நான்கு குடும்பங்களுக்குக் கூடவே இருந்து உதவினேன். எல்லா வீட்டிலும் தடுமாற்றம் ஒரே இடத்தில்தான்: எதை முதலில் செய்வது என்பதில்.

எது முதலில் அழியுமோ, அதை முதலில் காப்பாற்ற வேண்டும். செடி சில நாளில் போய்விடும். வயதானவர்களின் ஞாபகம் சில மாதத்தில் மங்கிவிடும். காகிதமும் படமும் பல வருடம் தாங்கும். எழுதுவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஆகவே செடி, மனிதர், காகிதம், எழுத்து என்ற வரிசையிலேயே இந்த வழிகாட்டி போகிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

கெட்டி அட்டை போட்ட நோட்டு, பென்சில், அளவு நாடா, கூர்மையான கத்தி, பழைய செய்தித்தாள், சிறிய காகித உறைகள், ஃபோன். இவ்வளவு போதும். பென்சில் ஏன் என்றால், அது ஈரத்தில் கரையாது, வெயிலில் மங்காது. மார்க்கர் பேனாவால் எழுதிய செடி அட்டைகள் பல, சில மாத வெயிலிலேயே வெறும் வெள்ளை அட்டையாகிவிடுகின்றன.

பொருட்களைவிட முக்கியம், ஒரே ஒருவர் பொறுப்பேற்பது. நோட்டு அவரிடம் இருக்கட்டும். ஆளுக்குக் கொஞ்சம் என்று ஐந்து பேர் குறித்து வைத்தால், கடைசியில் அந்த ஐந்தையும் சேர்க்க யாருக்கும் நேரம் இருக்காது. மற்றவர்கள் தண்ணீர் ஊற்றலாம், படம் எடுக்கலாம், பேசலாம். குறிப்பு மட்டும் ஒரே கையில் இருக்க வேண்டும்.

பாட்டி இன்னும் உங்களோடு இருக்கிறார் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அப்படியானால் 6-ஆம் பகுதியை நாளைக் காலையே ஆரம்பியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யலாம்.

2. முதல் மாதம்: தண்ணீர் மட்டும், கத்திரி வேண்டாம்

துக்க வீட்டில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு தோட்டத்தைச் "சுத்தம்" செய்ய இறங்குவார். அதைத் தடுப்பதுதான் முதல் வேலை. எங்கள் வீட்டில் நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாளே சுவரோரத்து மண்ணைக் கொத்தி, கிழங்குகளை வெளியே எறிந்துவிட்டார்கள். மேலே ஒரு இலைகூட இல்லாத அந்த இடத்தில்தான் பாட்டியின் செங்காந்தள் உறங்கிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு வருடமும் மேலே முழுக்கக் காய்ந்து, கிழங்காக மட்டும் மண்ணுக்குள் இருந்துவிட்டுத் திரும்ப முளைக்கும் செடி. எனக்கு அது தெரிய வந்தபோது குப்பை போயிருந்தது.

ஆகவே குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் ஒரு முழு வருடம், எதையும் பிடுங்காதீர்கள். காலியாகத் தெரியும் மண்ணில் கிழங்கோ விதையோ இருக்கலாம். களை என்று நீங்கள் நினைப்பது அவர் வேண்டுமென்றே விட்டுவைத்த மருந்துச் செடியாக இருக்கலாம்.

காய்ந்த குச்சி போலத் தெரிவதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் அதே கிளையில் இன்னும் கீழே, தண்டின் அடிவரை சுரண்டிப் பாருங்கள். நுனி செத்து அடி பிழைத்திருப்பது சாதாரணம்.

தண்ணீரைத் தொட்டிகளிலிருந்து ஆரம்பியுங்கள். தொட்டியில் மண் குறைவு, அதனால் தரையைவிடச் சீக்கிரம் காயும். மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை இழப்பதால் பிளாஸ்டிக் தொட்டியைவிட இன்னும் சீக்கிரம் காயும். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்கள் அன்பு மிகுந்து தினமும் இரண்டு வேளை ஊற்றி வேரை அழுக விட்டதை இரண்டு வீடுகளில் பார்த்தேன்.

3. வரைபடமும் எண்ணும்

மாறாத ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள்: வாசற்படி, கிணறு, வீட்டு மூலை, ஏதாவது ஒன்று. அங்கிருந்து அளந்து தோட்டத்தை ஒரு பக்கத்தில் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. ஒவ்வொரு செடிக்கும் 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். இப்போது எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் பக்கம் இருக்கட்டும்.

பெயர் எழுதாமல் ஏன் எண் கொடுக்க வேண்டும்? பெயரில் சண்டை வரும். ஒரே செடியைப் பெரியம்மா ஒரு பெயரிலும், பக்கத்து வீட்டார் இன்னொரு பெயரிலும் சொல்வார்கள். பாட்டி வைத்த பெயர் மூன்றாவதாக இருக்கும். எண் இருந்தால் மூன்று பெயரையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். அவர் சொன்ன பெயரை மட்டும் அடிக்கோடிட்டு வையுங்கள், அது அகராதியில் இல்லாத பெயராக இருந்தாலும் சரி.

எண் அட்டையைத் தண்டில் கட்டாதீர்கள். தண்டு பருக்கும்போது கம்பியோ நூலோ இறுகிப் பட்டையை நெரித்துவிடும். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி அதில் மாட்டுங்கள்.

பிறகு படம். பாட்டி வழக்கமாக உட்காரும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து, அவர் கண் உயரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே உயரத்தில், 12 மாதம் எடுங்கள். ஒரு தோட்டம் தன்னை முழுசாகக் காட்ட ஒரு வருடம் பிடிக்கும். எங்கள் வீட்டில் எட்டாம் மாதத்துப் படத்தில்தான் ஒரு விஷயம் புலப்பட்டது: அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் வருடத்தின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு பூ கண்ணில் படும்படி நட்டிருந்தார். யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

நச்சுள்ள செடிகளையும் நோட்டில் தனியாகக் குறியுங்கள். அரளியும் செங்காந்தளும் எல்லாப் பாகத்திலும் நஞ்சுள்ளவை. பாட்டிக்கு அது தெரியும், குழந்தைகளை விலக்கி வைத்திருப்பார். அடுத்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரியாது.

4. செடிகளிலிருந்து புதுச் செடி எடுப்பது

அவசரமான வேலை இதுதான். வீடு கைமாறப் போகிறது என்றால் இன்னும் அவசரம். முதலில் எதை எடுப்பது? தோட்டத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பது, வயதானது, பாட்டி கைப்பட நட்டது என்று யாருக்காவது உறுதியாகத் தெரிந்தது. இந்த மூன்றும் சேர்ந்த செடி எதுவோ, அதுவே முதல்.

விதையிலிருந்து வரும் செடி பிள்ளை போல. தாயின் குணம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் வருவது அதே செடி, வேறு தொட்டியில். நாற்பது வருடம் முன்பு பாட்டி நட்ட ரோஜாவின் குச்சி உங்கள் வீட்டில் துளிர்த்தால், அது அவர் தொட்ட செடியேதான். முடிந்த இடத்திலெல்லாம் குச்சியோ பதியனோ (கிளையைத் தாய்ச்செடியில் இருந்தபடியே வேர் பிடிக்க வைப்பது) போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குச்சி நடுவது (ரோஜா, செம்பருத்தி போன்றவை). பென்சில் பருமனில், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், பூவும் மொட்டும் இல்லாத கிளையை வெட்டுங்கள். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கணுவில்தான் வேர் எளிதாகக் கிளம்பும். மேலே இரண்டு மூன்று இலை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். வேர் இல்லாத குச்சியால் நிறைய இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த சின்னத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி ஊன்றி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது ஒன்று. வந்திருக்கும் மெல்லிய வேர் அதிலேயே அறுந்துவிடும். லேசாக இழுத்துப் பார்த்தால் போதும், பிடிமானம் தெரிந்தால் வேர் இருக்கிறது. குச்சியைத் தலைகீழாக ஊன்றுவது இரண்டாவது. வெட்டும்போதே அடியை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டிவிட்டால் குழப்பம் வராது. மூன்றாவது, துளிர் விட்டதும் வேர் வந்துவிட்டதாக நினைப்பது. குச்சியில் மிச்சமிருக்கும் சத்தை வைத்தே இரண்டு இலை விடும், அப்புறம் கருகும். ஒன்றரை மாதமாவது பொறுங்கள்.

ரோஜாவில் இன்னொரு பொறி இருக்கிறது. வாங்கி வந்த ரோஜாக்கள் பெரும்பாலும் வேறொரு காட்டு ரோஜாவின் வேர்மேல் ஒட்டுக் கட்டியவை. அடித்தண்டில் ஒரு முடிச்சு தெரியும். அந்த முடிச்சுக்குக் கீழிருந்து நெடுநெடுவென்று செழிப்பாக எழும் கிளை காட்டு ரோஜாவுடையது. புதிதாகச் செய்பவர்கள் செழிப்பைப் பார்த்து அதையே வெட்டுகிறார்கள். முடிச்சுக்கு மேலிருந்து எடுங்கள்.

மண் பதியன் (மல்லிகை போன்ற கொடிகள்). தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் பட்டையை லேசாகக் கீறி, மண்மூடி, மேலே ஒரு கல் வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். தாய்ச்செடி பால் கொடுத்துக்கொண்டே இருப்பதால் தோல்வி மிகக் குறைவு. கைப்பழக்கம் இல்லாதவர்கள் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

விண் பதியன் (கொய்யா, மாதுளை, எலுமிச்சை). விரல் பருமனுள்ள கிளையில் 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுங்கள். உரித்த இடத்தில் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். அதையும் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். இதை விட்டால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும், வேர் வராது. பதியன் பொய்த்துப் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதிக்கு மேல் இதுதான். ஈரமான நார்த்தூளை அதைச் சுற்றி உருண்டையாக வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி, இரு முனையையும் இறுகக் கட்டுங்கள். தாள் வழியே வேர் நன்றாகத் தெரிந்த பிறகு உருண்டைக்குக் கீழே வெட்டி நடலாம். பெரும்பாலும் இரண்டு மாதம் ஆகும்.

பிரிப்பது. கிழங்காகவும் புதராகவும் வளர்பவற்றைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி பிரித்து நடுங்கள். செடி பூக்காமல் ஓய்ந்திருக்கும் காலத்தில் செய்தால் தாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு செடிக்கும் மூன்று கன்று, குறைந்தது இரண்டு வீடுகளில். ஒரே வீட்டில் மூன்றையும் வைத்தால் ஒரு வாரம் வெளியூர் போனாலே மூன்றும் போய்விடும். கன்றுத் தொட்டியிலும் தாய்ச்செடியின் எண்ணையே எழுதுங்கள்.

5. விதைகளும் விதைப் பொட்டலங்களும்

அலமாரி, டப்பா, மேல்தட்டு, பழைய புடவை மடிப்பு என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். எங்கள் பாட்டி விதையை நாட்காட்டித் தாளில் மடித்து வைப்பார். கிழித்த தாளில் தேதி அச்சாகவே இருக்கும், அதனால் தனியாகத் தேதி எழுத வேண்டியதில்லை. ஒரு பொட்டலத்தின் மேல் அவர் கையெழுத்தில் "வெள்ளை அவரை. தெற்குச் சுவர். பூச்சி வரல" என்று மட்டும் இருந்தது. அந்தத் தாள்களே அவர் எழுதிய நாட்குறிப்பு என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆகவே பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். மடிப்பு உட்பட. விதைகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

விதைக்கு வயது உண்டு. வீட்டு அலமாரியில் வைத்த வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்தில் முளைப்பை இழக்கும். வெண்டை சுமார் இரண்டு, மிளகாய் இரண்டு மூன்று, அவரை மூன்று நான்கு, தக்காளி நான்கைந்து வருடம் தாங்கும். பூசணி, வெள்ளரி வகை ஐந்து வருடம்கூட வரும். சோதிக்க 10 விதையை ஈரத் துணியில் சுருட்டி வைத்து, 10 நாள் கழித்து எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். 7 முளைத்தால் நிம்மதி. 2 முளைத்தால் தள்ளிப்போடாமல் இந்தப் பருவத்திலேயே விதைத்து, புது விதை எடுத்துவிட வேண்டும். மொத்தமே 10 விதைதான் இருக்கிறது என்றால் சோதனை வேண்டாம், எல்லாவற்றையும் நேராக விதையுங்கள்.

புதிதாகச் சேர்க்கும் விதையை நிழலில் நன்றாக உலர்த்தி, காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பாட்டிலில் மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சேமிப்பு இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறையக் குறைய விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை வைப்பவர்களின் பழைய கணக்கு. ஈரம் அதைவிட முக்கியம். இஸ்ரேலில் மாசடா மலைக்கோட்டையில் கிடைத்த சுமார் 2000 வருடப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005-இல் நட்டபோது முளைத்தது. அந்த இடத்தின் வறட்சிதான் அதை இவ்வளவு காலம் காத்தது என்கிறார்கள்.

மாம்பழக் கொட்டையும் பலாக் கொட்டையும் இந்தக் கணக்கில் சேராது. அவை உலர்ந்தால் செத்துவிடும். எடுத்த சில நாளிலேயே நட்டுவிட வேண்டும்.

6. மனிதர்களிடம் கேட்பது: கேள்வியை வைத்துவிட்டு இலையைக் கொண்டுபோங்கள்

யாரிடம் முதலில் போவது? வயதில் மூத்தவரிடம். பாட்டியின் தங்கை, தம்பி, பால்யத் தோழி. அடுத்து, அவரிடம் செடி வாங்கிப் போனவர்கள். குடும்பத்தாரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எப்போதும் கிடைப்பார்கள், அதோடு எல்லோரும் ஒரே நான்கு கதையைச் சொல்வார்கள். செடி வாங்கிப் போனவர்களிடம் நீங்கள் கேட்டே இராத ஒரு பாட்டி இருப்பார்.

"பாட்டி எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "நல்லவர், அன்பானவர், யாரையும் கடிந்து பேசமாட்டார்" என்ற பதில்தான் வரும். அது எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். "இந்தச் செடி எங்கிருந்து வந்தது? யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள்? எங்கே நட்டார், ஏன் அங்கே?" என்று கேளுங்கள். நான்கு கேள்விக்குள் செடியை விட்டு வாழ்க்கைக்கு வந்திருப்பீர்கள்.

போகும்போது தோட்டத்திலிருந்து நாலைந்து இலை, பூ கொண்டுபோங்கள். கையில் கொடுத்துக் கசக்கி முகரச் சொல்லுங்கள். வாசனை கிளப்பும் நினைவுகள், சொல்லோ படமோ கிளப்பும் நினைவுகளைவிடப் பெரும்பாலும் பழையவை, சின்னஞ்சிறு வயதைச் சேர்ந்தவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு இது ஆய்வாக அல்ல, கண்ணாலேயே தெரியும். பாட்டியின் தங்கைக்கு 88 வயது. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா" என்று மூன்று முறை சொன்னார். எலுமிச்சை இலையைக் கசக்கிக் கையில் வைத்தேன். முகர்ந்தவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. "அக்கா இதைத்தான் என் தலையணைக்கு அடியில வைப்பா, காய்ச்சல் வந்தப்ப" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார்.

பாட்டி உயிரோடு இருந்தால் அவரோடு தோட்டத்தில் காலையில் நடங்கள். உட்கார வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். நடக்க முடியாவிட்டால் தொட்டிகளை ஒவ்வொன்றாக அவர் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அவர் கைகளை மட்டும் வீடியோ எடுங்கள்: எந்தக் கணுவுக்கு மேல் கிள்ளுகிறார், நாற்றை எந்த விரலால் அழுத்துகிறார், தண்ணீர் ஊற்றும்போது மண் அரிக்காமல் இருக்க மற்றக் கையை எங்கே வைக்கிறார். முகம் எல்லாப் படத்திலும் இருக்கும். கை எதிலும் இருக்காது.

ஒலிப்பதிவுக்கு ஃபோன் போதும். அழைப்பு வந்து அறுபடாமல் இருக்க விமானப் பயன்முறையில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபோனைப் பேசுபவருக்கு ஒரு கை தூரத்தில், மடித்த துணிமேல் வையுங்கள், மேசை அதிர்வு பதியாது. பதிவு செய்கிறேன் என்று சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டே தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வயதானவர்கள் களைத்துப்போவார்கள்.

அவர்கள் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மிக நல்ல செய்தி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். தேதியோ பெயரோ தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த வாக்கியத்தைச் சொல்லத் தயங்குவார்கள்.

கோப்புக்கு வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியும், பேசியவரின் உறவும், செடி எண்ணும் சேர்த்துப் பெயர் வையுங்கள். அன்றே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பத்துப் பதிவு சேர்ந்தபின் உட்கார்ந்தால் மலைத்துப்போவீர்கள். ஒவ்வொன்றையும் அந்த வாரமே எழுதிவிடுங்கள்.

7. காலவரிசை

ஒரு பெரிய தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் தோட்டம். பிள்ளைகள் பிறந்த வருடம், வீடு மாறியது, திருமணங்கள் எல்லாம் இடப்பக்கம். அவற்றுக்குக் காகிதச் சான்று இருக்கும், அவை ஆணி மாதிரி. தோட்டச் செய்திகளை அந்த ஆணிகளில் மாட்டுங்கள். "சின்னவன் தவழும்போது கொய்யா நட்டோம்" என்று யாராவது சொன்னால் வருடம் தானாகக் கிடைத்துவிடும்.

மரத்தின் வயதைத் தண்டில் வளையம் எண்ணி அறியலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்காக மரத்தை வெட்ட வேண்டாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வருடத்துக்கு ஒன்று என்று தெளிவான வளையம் விழுவதே இல்லை. பழைய குடும்பப் படங்களின் பின்னணியைப் பாருங்கள். எங்கள் வீட்டு எலுமிச்சை ஒரு படத்தில் ஜன்னல் விளிம்பு உயரம், இன்னொன்றில் கூரை உயரம். நடுவில் நிற்கும் குழந்தை யார் என்று தெரிந்ததும் இரண்டு வருடமும் கிடைத்தன.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும், சொன்னவர் யார் என்பதோடு எழுதுங்கள். உறுதியில்லாத வருடத்துக்கு முன் "சுமார்" போடுங்கள்.

தாள் நிரம்பியதும் வலப்பக்கத்தில் எங்கே காலியாக இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்தில் எதுவுமே நடக்காத வருடங்கள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் தாளில் தொடர்ந்து நான்கு வருடம் ஒரு செடிகூட இல்லை. விசாரித்தபோது, அவர் ஒரு மகளைப் பறிகொடுத்த காலம் அது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் முதலில் நட்டது எது என்று தேடினேன். அந்த வெள்ளை அவரைதான்.

8. காகிதம், படம், பொருள்

இது காத்திருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிய பழைய படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பசை ஒட்டும் ஆல்பத்தில் உள்ளவற்றை இழுத்துப் பிய்க்காதீர்கள், வரவில்லையென்றால் ஆல்பத்தில் இருந்தபடியே படம் எடுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்தும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிளையை, இலையும் பூவும் சேர்ந்திருக்கும்படி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் உலர்ந்ததும் கெட்டித் தாளில் மெல்லிய காகிதப் பட்டையால் ஒட்டி, எண், தேதி, இடம் எழுதுங்கள். தூக்கிக்கொண்டு போக முடியாத மரத்துக்கு இதுவே ஞாபகம்.

களைக்கொத்து, பூவாளி, கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். எங்கள் பாட்டியின் களைக்கொத்தில் மரப்பிடியின் ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குக் குழிந்திருக்கிறது. அதற்கு மேல் பழைய புடவைக் கிழிசல் நான்கு சுற்று. கடைசி வருடங்களில் விரல் இறுகாமல் போனதால் பிடியைப் பருமனாக்கச் சுற்றியது அது. தேய்த்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

9. எழுதுவது

பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். ஒரு செடிக்கு ஒரு பக்கம். நோட்டில் ஏற்கெனவே எண் வாரியாகப் பக்கம் இருக்கிறது, அதையே விரித்து எழுதுங்கள். பாட்டி சொன்ன பெயர், எங்கிருந்து வந்தது, எங்கே நட்டார், எப்படிப் பார்த்துக்கொண்டார், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, யார் சொன்னது. இருபது செடி எழுதியதும் நட்ட வருட வரிசையில் அடுக்கினால் வாழ்க்கை வரிசையாக வந்து நிற்கும். ஒரு பக்கம் என்பதால் யாரும் பயப்பட மாட்டார்கள். எழுதிப் பழக்கமே இல்லாத என் தம்பிகூட மூன்று எழுதினான்.

பெயரடைகளை வெட்டுங்கள். "பொறுமைசாலி" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, அவர் எதற்காக எத்தனை நாள் காத்திருந்தார் என்று எழுதுங்கள். அவர் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லாத வாக்கியத்தை அவர் வாயில் வைக்காதீர்கள். ஞாபகம் இருப்பதை, அவர் பேசிய மாதிரியே, கொச்சையோடு எழுதுங்கள்.

கசப்பான செய்தியும் வரும். உயிரோடு இருப்பவரைப் புண்படுத்தும் என்றால் அவரிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். பாட்டி தோற்ற செடிகளை மட்டும் எடுக்காதீர்கள். மூன்று முறை வைத்தும் வராத செடிக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். அவர் நான்காம் முறை வைத்தாரா என்பதில் நிறையத் தெரியும்.

10. பகிர்வது

பக்கங்களை அச்செடுத்துத் தையல் போட்டுக் கொடுங்கள். ஃபோனில் அனுப்பியது பத்து நாளில் மேலே போய்விடும், பிறகு யாரும் தேட மாட்டார்கள். வெளிப்பக்கத்தில் வரைபடம் இருக்கட்டும்.

புத்தகத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கன்றோ விதை உறையோ போக வேண்டும். யாருக்கு எந்தச் செடி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பக்கங்களைப் படிக்க விட்டுவிட்டு அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தான் படித்துத் தேர்ந்ததை வாடவிட மனம் வராது. வெயில் அதிகமுள்ள வீடா, மாடியா, தரையா என்று மட்டும் கேட்டுப் பொருந்தாததைச் சொல்லிவிடுங்கள். கன்றுகளை வேர்பிடித்து இரண்டு முறை புதுத் துளிர் விட்ட பிறகே கொடுங்கள். அதற்கு முன் இடம் மாறினால் பாதி பட்டுப்போகும்.

யார் எந்த எண்ணை வாங்கினார் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து எல்லோரையும் கூப்பிட்டு எது இருக்கிறது, எது போனது என்று கேளுங்கள். ஒரு வீட்டில் போயிருந்தால் மற்ற வீட்டிலிருந்து குச்சி வெட்டி, அதே எண் எழுதி, அனுப்பி வையுங்கள்.